ஒன்பதாவது கேள்வி

அத்தியாயம் 17

போன வாரம் தும்பியை ஒரு வரிசையில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், அவள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். கையில் இருக்கும் டோக்கன் அறுபத்து நான்கு. சுவரில் எரியும் எண் ஐம்பத்தொன்பது.

தும்பி என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். சின்ன வயதில் ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். இப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருடமாக உட்கார்ந்தே வேலை பார்க்கிறாள். நீர் வேதியியல் முதுகலையில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணத்தில் பாதியைச் சம்பளத்திலிருந்து சேர்த்தும் விட்டாள். மறு பாதிக்கு வழியில்லை. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போகும். அதனால்தான் இந்த உதவித்தொகை வரிசை. விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம்.

உதவித்தொகை எப்படிக் கிடைக்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. யாரோ நல்ல மனசுக்காரர் படிவத்தைப் படித்து இரக்கப்பட்டுக் கொடுப்பதாக நினைக்கிறோம். அப்படியில்லை. அது ஒரு கூட்டல் கணக்கு. இளங்கலை மதிப்பெண்ணுக்கு நாற்பது புள்ளி, குடும்ப வருமானத்துக்கு இருபத்தைந்து, வேலை அனுபவத்துக்குப் பதினைந்து. மிச்சம் இருபது, வீட்டில் இதற்கு முன் யாரும் முதுகலை முடித்திருக்காவிட்டால். அந்த இருபதில் பாதி, கால் என்றெல்லாம் கிடையாது. முழுதாக வரும், இல்லாவிட்டால் சுத்தமாக வராது.

தும்பி வீட்டிலேயே கூட்டிப் பார்த்துவிட்டாள். முப்பத்தொன்று, பத்தொன்பது, ஒன்பது, இருபது. மொத்தம் எழுபத்தொன்பது. போன வருடம் முழு உதவி எழுபத்து நான்கோடு நின்றது. ஐந்து புள்ளி மிச்சம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் காலையில் டீகூடக் குடிக்காமல் வந்து நின்றாள்.

"அறுபத்து நாலு!"

சரிபார்க்கும் மேஜையில் இருந்த அம்மாள் இரண்டு கண்ணாடி வைத்திருந்தார். ஒன்று மூக்கில், ஒன்று தலையில். படிவத்துக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு ஒன்று. மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப் போயிருந்தார்.

"மார்க் சரி. வருமானச் சான்று சரி. வேலைச் சான்று... சீல் எங்க? ஆங், பின்னாடி இருக்கு." பேனாவால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவர், ஒன்பதாவது கேள்வியில் நின்றார். "வீட்டுல யாரும் முதுகலை படிக்கலைன்னு போட்டிருக்க."

"ஆமா மேடம். அப்பா ஸ்கூலோட நின்னுட்டாரு. அம்மா பி.ஏ."

"அம்மா என்ன வேலை?"

"ஆஸ்பத்திரி லாண்டரில."

அம்மாள் கண்ணாடியை மாற்றினார். அம்மாவின் அடையாள எண்ணைத் தட்டினார். திரையை ஒருமுறை பார்த்தார், தும்பியை ஒருமுறை பார்த்தார். பிறகு திரையை அப்படியே அவள் பக்கம் திருப்பினார்.

"இது உங்க அம்மா பேர்தானே?"

அம்மா பேர்தான். பிறந்த தேதியும் அம்மாவுடையதுதான். அதற்குக் கீழே: முதுகலை, வரலாறு, தொலைதூரக் கல்வி. இரண்டாம் வகுப்பில் தேர்ச்சி. பதினோரு வருடத்துக்கு முந்தைய தேதி. கடைசி வரியில், சான்றிதழ் வழங்கப்படவில்லை.

"மேடம், இது வேற யாரோ."

"நம்பர் ஒண்ணுதானே இருக்கும், ஒருத்தருக்கு?"

தும்பி அந்தத் தேதியை மறுபடி படித்தாள்.

கண்ணாடிக்காரம்மாள் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து அறுபத்து மூன்று பேருக்கு ஒரே விஷயத்தைச் சொன்னவர். குரலைத் தாழ்த்தினார். "நான் இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்தல. ஏத்திட்டா பொய்த் தகவல்னு சிவப்பு விழும். மூணு வருஷத்துக்கு நீ எதுக்கும் மனு போட முடியாது. இந்தா, திருத்தப் படிவம். ஆம்னு போட்டு, விவரம் எழுதி, அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். அஞ்சு மணிக்குள்ள கொண்டு வா."

"ஆம்னு போட்டா இருபதும் போயிடுமே மேடம்."

"போயிடும். அம்பத்தொன்பது நிக்கும். பாதி உதவின்னு இன்னொரு பட்டியல் இருக்கு. போன வருஷம் அது அறுபத்தொண்ணுல நின்னுச்சு. அதுக்கு முந்தின வருஷம் அம்பத்தேழு." தோளைக் குலுக்கினார். "இந்த வருஷம் எங்க நிக்கும்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அறுபத்தஞ்சு!"

முழு உதவி வேண்டாம், பாதி உதவி கிடைத்தால்கூடத் தும்பிக்குப் போதும். மறு பாதிதான் கையில் இருக்கிறதே. ஆனால் அதற்கும் ஐந்து மணிக்குள் இரண்டு கையெழுத்து வேண்டும்.

*

ஆஸ்பத்திரி லாண்டரிக்குள் யாரும் நினைத்தபடி போய்விட முடியாது. அதை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அழுக்குத் துணி, மறு பக்கம் சுத்தத் துணி. துவைக்கும் எந்திரங்கள் அந்தச் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குப் பக்கத்தில் போட்டு மூடினால், துவைத்து முடியும் வரை எந்தக் கதவும் திறக்காது. முடிந்ததும் சுத்தப் பக்கத்துக் கதவு மட்டும் திறக்கும். முதலில் பச்சைத் தண்ணீர், ஏனென்றால் எடுத்த எடுப்பில் கொதிக்கும் தண்ணீர் பட்டால் இரத்தக் கறை துணியிலேயே வெந்து ஒட்டிவிடும். அப்புறம்தான் கொதிநீர், மூன்று அலசல், பிழிதல். எல்லாம் சேர்ந்து ஐம்பத்தெட்டு நிமிடம்.

தும்பி போனபோது அம்மா சுத்தப் பக்கத்தில் இருந்தாள். வார்டுகளுக்குத் துணி கொடுக்கும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். தலையில் வலைத்தொப்பி, கையில் மடித்த தலையணை உறை.

"என்னடி இந்த நேரத்துல? குடுத்துட்டியா?"

"நீ எம்.ஏ.வாம்மா?"

அம்மாவின் கை உறையை இன்னொரு மடிப்பு மடித்தது. அதற்கு மேல் மடிக்க இடமில்லை.

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர் சொல்லுது. ஆபீஸ்ல, எல்லாருக்கும் முன்னாடி. நான் நின்னுட்டு வேற யாரோன்னு சாதிச்சிட்டு இருக்கேன்."

உள்ளேயிருந்து உடன் வேலை பார்ப்பவள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். வாட்டசாட்டமானவள், எல்லோருக்கும் அவள் பெரியக்கா. "என்ன, பாப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சா? நான் அப்பவே சொன்னேன், முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குத்தான் சோத்துல மறைப்பேன்னு!"

"நீங்க போங்கக்கா, மூணாம் நம்பர் திறக்கப் போகுது."

"அது திறக்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. நீ பேசு. நான் மடிக்கிறேன்."

அந்த இருபது நிமிடம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஐம்பத்தெட்டு நிமிடச் சுற்றில், முந்தின லோடை மடித்து அடுக்க முப்பத்தாறு நிமிடம் ஆகும். மிச்சம் இருபத்திரண்டு. எல்லோரும் அதில் காலை நீட்டி உட்காருவார்கள், டீ குடிப்பார்கள், மாமியாரைத் திட்டுவார்கள். அம்மா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுப் படித்தாள். ஒரு ஷிஃப்டுக்கு ஏழு சுற்று. இரண்டு வருடப் படிப்பை நான்கு வருடத்தில் முடித்தாள். எட்டுத் தாள்.

"அப்போ காலையில எப்படிம்மா இல்லைன்னு கையெழுத்துப் போட்ட? அஞ்சு நிமிஷம் அந்தப் பக்கத்தையே பார்த்துட்டு இருந்தியே. கண்ணு சரியா தெரியலையோன்னு நினைச்சேன்."

"பொய்யின்னு நினைச்சுப் போடலடி." அம்மாவின் குரல் தேய்ந்தது. "சர்டிபிகேட் நான் வாங்கவே இல்ல. இங்க எப்படி? துவைச்சு, தேய்ச்சு, மடிச்சு எல்லாம் ஆனாலும், வார்டு ஆளு வந்து சீட்டுல கையெழுத்துப் போட்டு எடுக்கிற வரைக்கும் அது லாண்டரி துணிதான். வார்டுக் கணக்குல வராது. அது மாதிரி, நான் போய் எடுக்காத வரைக்கும் அது அவங்ககிட்ட இருக்கிறது, என்னோடது இல்லைன்னு... அப்படித்தான் மனசுல வச்சிருந்தேன்."

இருபத்து மூன்று வருடம் ஒரே ஜன்னலில் நின்றவள் வேறெப்படி நினைப்பாள்? ஆனால் தேர்ச்சி முடிவு வந்த அன்றைக்கே பல்கலைக்கழகத்துப் பதிவேட்டில் பெயர் ஏறிவிடுகிறது. சான்றிதழ் என்பது அதன் நகல்தான். அங்கே அம்மா பதினோரு வருடமாக முதுகலைப் பட்டதாரியாகத்தான் இருக்கிறாள்.

தும்பி படிவத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். புள்ளிக் கணக்கைச் சொன்னாள். ஐம்பத்தொன்பது என்றதும் அம்மா ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இருபதும் என்னாலயா போச்சு?"

"அம்மா..."

"நான் ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கிறேன். எனக்கு அந்தப் பட்டம் வேண்டாம், கேன்சல் பண்ணிடுங்கன்னு. எடுத்துடுவாங்கள்ல?"

"அது என்ன, கறை போகாத பெட்ஷீட்டா? திருப்பி அழுக்குப் பக்கம் தள்ளிவிட!"

உள்ளே பெரியக்கா சிரித்த சத்தம் கேட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தும்பிக்கும் வரவில்லை. வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தவள் அவள். ஜன்னலுக்கு வெளியே உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை.

"எனக்காவது சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்கு அப்ப பதிமூணு வயசு. பரீட்சைக்குச் சரித்திரம் படிச்சிட்டு இருந்த. பக்கத்துல வந்து ஏதோ சொன்னேன். உனக்கு என்னம்மா தெரியும், போய்ச் சோறு வையின்னுட்ட."

"நானா சொன்னேன்?"

"நீதான். அன்னிக்கு நான் சொன்னது சரி. நீ எழுதி வச்சிருந்தது தப்பு." அம்மா பேனாவுக்குக் கை நீட்டினாள். "குடு, எழுதறேன்."

படிவத்தில் நான்கு கட்டம் இருந்தது. உறவு. பட்டம். பாடம். ஆண்டு. அம்மா தாய் என்று எழுதினாள். முதுகலை என்று எழுதினாள். வரலாறு என்று எழுதும்போது பேனா மக்கர் செய்தது. உதறிவிட்டு மறுபடி எழுதினாள். ஆண்டை யோசிக்காமல் எழுதினாள். கீழே கையெழுத்து.

"அப்பாவும் போடணும்மா."

அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தும்பிக்குப் புரிந்தது. "அப்பாவுக்கும் தெரியாதா?"

"சேர்ந்தது தெரியும். விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

மூன்றாம் நம்பர் எந்திரம் கூவியது. அம்மா வலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "ரிசல்ட் வந்த வாரம்தான் அவரு லிஃப்ட் குழிக்குள்ள விழுந்து காலை உடைச்சுக்கிட்டாரு. அப்ப எப்படிச் சொல்றது? அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்கு நாளைக்குன்னு... போ, நேரமாகுது."

அது முழுப் பதில் இல்லை என்று தும்பிக்குத் தெரிந்தது. கேட்க நேரம் இல்லை.

*

அப்பா லிஃப்ட் மெக்கானிக். அவர் வேலை செய்யும் கட்டடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். எங்கே லிஃப்ட் ஓடவில்லையோ அங்கே இருப்பார். அவரைப் பார்க்க மாடி ஏறித்தான் போகவேண்டும். முதல் கட்டடத்தில் மூன்று மாடி ஏறிய பிறகு, "அவரு மத்தியானமே கிளம்பிட்டாரே" என்றார்கள். இரண்டாவது கட்டடத்தில் ஆறு மாடி. மேலே போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை.

மொட்டைமாடி எந்திர அறையில் அப்பா மண்டியிட்டு, பிரேக்கைத் திறந்து வைத்திருந்தார். லிஃப்ட் பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கரண்ட் போனால் லிஃப்ட் பொத்தென்று விழுந்துவிடும் என்று நாம் பயப்படுகிறோம். உண்மை நேர்மாறானது. பிரேக்கின் இயல்பே கவ்விப் பிடித்திருப்பதுதான். கனத்த ஸ்பிரிங்குகள் எப்போதும் சக்கரத்தை இறுக்கிக்கொண்டே இருக்கும். கரண்ட் வந்துதான் அந்தப் பிடியை விலக்குகிறது. கரண்ட் நின்ற கணமே மறுபடி கவ்விவிடும். தேய்ந்துபோன பிரேக் கட்டையை மாற்றுவதுதான் அன்றைக்கு அப்பாவின் வேலை.

"அடடே, விஞ்ஞானி! ஆறு மாடியும் நடந்தா வந்த? போன் பண்ணக் கூடாதா?"

"பண்ணேன்ப்பா. எடுத்தாத்தானே?"

"டூல் பாக்ஸ்ல கிடக்கும். என்ன, முடிஞ்சுதா வேலை?"

"ஒரு கையெழுத்து."

"கண்ணாடி கீழ வண்டியில இருக்கு. எங்க போடணும்னு காட்டு."

காட்டியிருக்கலாம். அவரும் போட்டிருப்பார். தும்பிக்கும் ஒரு நொடி அந்த ஆசை வந்தது. கால் கடுத்தது, தலை வலித்தது, யாருக்கும் எதையும் விளக்கத் தெம்பில்லை. ஆனால் அம்மா அந்த நான்கு கட்டத்தை எழுதியதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாளே.

"படிச்சுக் காட்டறேன். கேட்டுட்டுப் போடுங்க." அவள் படித்தாள். "விண்ணப்பதாரரின் குடும்பத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர் உண்டா? ஆம். உறவு, தாய். பட்டம், முதுகலை. பாடம், வரலாறு." ஆண்டையும் படித்தாள்.

அப்பா ஸ்பானரைக் கீழே வைத்தார். துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைக்கத் துடைக்க கிரீஸ் பரவியதே தவிரப் போகவில்லை.

"கால் உடைஞ்ச வருஷம்" என்றார்.

"ஆமா."

"விட்டுட்டேன்னாளே."

தும்பி படிவத்தை அவர் பக்கம் நீட்டினாள்.

"அஞ்சு மாசம் நான் படுத்துக் கிடந்தேன். ரெண்டு ஷிஃப்ட் பார்த்தா. வந்து என்னைத் தூக்கி உட்கார வைப்பா." கொஞ்ச நேரம் பிரேக்கையே பார்த்தார். "எத்தனை பேப்பர்?"

"எட்டு."

"எட்டும் பாஸா?"

"எட்டும்."

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கட்டைவிரல் பட்ட இடத்தில் ஒரு கறுப்பு விழுந்தது. தும்பி மாடி இறங்கும்போது பின்னால் ஸ்பானர் சத்தம் கேட்குமென்று எதிர்பார்த்தாள். நான்கு மாடி இறங்கும் வரைக்கும் கேட்கவில்லை.

*

நாலு ஐம்பதுக்குக் கண்ணாடிக்காரம்மாள் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன கறை?"

"கிரீஸ், மேடம்."

"பரவாயில்ல, கையெழுத்து தெரியுது." தட்டினார், ஏற்றினார், முத்திரை குத்தினார். "அம்பத்தொன்பது. பாதிப் பட்டியல்ல இருக்க. ஆனா ஒண்ணு, ஆம்னு போட்டதுக்கு அசல் சான்றிதழ் காட்டணும். ஏழு நாள் டைம். இல்லேன்னா ஃபைல் அரைகுறைன்னு மூடிடுவோம்."

"அது பல்கலைக்கழகத்துலயே இருக்கு மேடம்."

"அம்மாவே நேர்ல போய் வாங்கணும். வேற ஆள்கிட்டக் குடுக்க மாட்டாங்க."

பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். அம்மாவுக்கு இந்த மாதத்து விடுப்பு தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. தும்பி ரசீதை மடித்துப் பையில் வைத்தாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று யோசித்தாள். இரண்டுக்கும் தெம்பில்லாமல் பஸ் ஏறினாள்.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். அப்பா குளித்துவிட்டு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா அப்போதுதான் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு செம்பு தண்ணீர். யாரும் குடிக்கவில்லை.

தும்பி ரசீதை மேஜைமேல் வைத்து, ஏழு நாள் கதையைச் சொன்னாள். அம்மா, "லீவு கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள். அப்பா திடீரென்று கேட்டார்.

"ரிசல்ட் எந்த விலாசத்துக்கு வந்துச்சு?"

"லாண்டரிக்கு."

"ஏன், இங்க ஒரு வீடு இல்லையா?"

"இருந்துச்சு." அம்மா செருப்பைக் கழற்றினாள். "நீங்க சிரிச்சீங்க."

"நானா? எப்ப?"

"சேர்ந்துட்டேன்னு சொன்ன அன்னிக்கு. உங்க ஃபிரெண்டு ரெண்டு பேரு உட்கார்ந்திருந்தாங்க."

அப்பா நெற்றியைத் தேய்த்தார். நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. "என்ன சொல்லிச் சிரிச்சேன்?"

"விடுங்க. இப்ப எதுக்கு?"

"சொல்லு."

தும்பி அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அம்மா தடுத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, வார்டுச் சீட்டைப் படிப்பதுபோல நிதானமாகச் சொன்னாள்.

"'செத்தவன் போர்வையைத் துவைக்கிறவளுக்கு, செத்த ராஜா கதை நல்லாத்தான் வரும்'னு சொன்னீங்க. அவங்க ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புறம் உள்ள போயிட்டேன்."

அம்மா செம்பை எடுத்துத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். அடுத்த நாள் காலை ஷிஃப்டுக்குச் சீருடையை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

மேஜைமேல் இருந்த ரசீதில் அம்மாவின் பேரும் பட்டமும் அச்சாகியிருந்தன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எடுத்தார், முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். தும்பி எதிரில் உட்கார்ந்து, அவர் ஏதாவது பேசுவாரென்று காத்திருந்தாள். கடைசி வரி வரைக்கும் படித்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார்.